மதுவத்தின் நொதியங்களும் குளிர் காக்கும் மருந்துகளும்

அப்பத்துக்கு மாக் கரைக்கும்போது சிறிதளவு கள்ளோ, கடையில் வாங்கிய ஈஸ்ட்டோ சேர்ப்பது எமது சமையலறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். இரவில் மூடிவைத்த மா விடியும் வேளையில் பொங்கி நிற்கிறது. வெதுப்பகத்தில் பாணுக்குப் பிசைந்த மாவும் அவ்வாறே பொங்குகிறது. எமது பாடநூல்கள் மதுவம் எனக் குறிப்பிடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர், மாவிலுள்ள வெல்லத்தை உடைத்துக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளியேற்றுவதே இதற்குக் காரணம் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால் அந்நுண்ணுயிரினுள் இவ்வேலையைச் செய்வது எது, அதனை உயிரிலிருந்து வேறாக்கிப் போத்தலில் அடைத்துப் பாதுகாக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை காண விஞ்ஞான உலகம் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. அந்த விடையின் பெரும் பகுதி குளிரைக் கையாளும் கலையிலேயே தங்கியிருந்தது.

இது ஆய்வுகூடத்தினுள் அடங்கிவிடும் ஒரு விடயமன்று. நீரிழிவு நோயாளர்கள் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பகுதியும், எமது குழந்தைகளுக்கு ஏற்றப்படும் ஈரலழற்சி 'பி' தடுப்பு மருந்தும் இன்று மதுவக் கலங்களிலேயே உருவாக்கப்படுகின்றன. அவற்றை எந்த அளவு குளிரில் வைத்திருக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் குளிரவிடக் கூடாது என்பது ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். எனவே இதன் பின்னணியைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

உயிரும் சாறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நொதித்தல் பற்றி இருவேறு கருத்துகள் மோதிக்கொண்டிருந்தன. உயிருள்ள மதுவக் கலம் இன்றி நொதித்தல் நிகழாது என்பது பிரான்சின் லூயி பாஸ்டரின் நிலைப்பாடு. அது வெறும் இரசாயனச் செயலே என்பது ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் போன்றோரின் வாதம். 1860ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் பெர்த்தலோ, கரும்புச் சீனியை இரு எளிய வெல்லங்களாகப் பிரிக்கும் ஒரு பொருளை மதுவத்திலிருந்து வேறாக்கினார். இன்வேற்றேசு என இன்று அழைக்கப்படும் நொதியம் அதுவேயாகும். எனினும் வெல்லத்தை மதுசாரமாக மாற்றும் முழு நொதித்தலையும் கலத்துக்கு வெளியே நிகழ்த்த எவராலும் இயலவில்லை.

பாஸ்டர் 1895இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் எடுவார்ட் புக்னர் என்னும் ஜேர்மனிய இரசாயனவியலாளர், தமது சகோதரர் ஹான்ஸ் புக்னரின் மியூனிக் ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனையில் ஈடுபட்டார். மதுவத்தின் உட்சாற்றை மருத்துவ ஆய்வுக்காக எடுப்பதே ஆரம்ப நோக்கமாக இருந்தது. ஒரு கிலோகிராம் மதுவத்துடன் அதேயளவு குவாட்சு மணலும், கால் கிலோகிராம் கீசல்கூர் எனும் நுண்மண்ணும் சேர்த்து அரைத்து, அக்களியைத் துணியில் சுற்றி, 400 முதல் 500 வளிமண்டல அழுத்தத்தில் பிழிந்தபோது ஏறத்தாழ அரை லீற்றர் சாறு கிடைத்தது.

அச்சாறு விரைவில் கெட்டுப்போனது. பழங்களைச் சீனிப்பாகில் இட்டுப் பேணுவது போல, சாற்றிலும் செறிந்த வெல்லக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தனர். சாறு அடங்கியிருக்கும் என எதிர்பார்த்த இடத்தில் குமிழிகள் எழத் தொடங்கின. உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லாத சாற்றில் நொதித்தல் நிகழ்ந்தது. 1897இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காகப் புக்னர் 1907ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பெற்றார்.

அந்த முதற் கட்டுரையிலேயே எமது பொருளுக்கு நெருக்கமான ஓர் அவதானிப்பும் இடம்பெற்றிருந்தது. வெறும் சாற்றை ஐந்து நாட்கள் பனிநீரில் வைத்திருந்தபோது அது சீனியை நொதிக்கச் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டது. சீனி கலந்த சாறோ பனிப்பெட்டியில் குறைந்தது இரு கிழமைகள் வரை அவ்வாற்றலைத் தக்கவைத்துக்கொண்டது. குளிர் மட்டும் போதாது, குளிருடன் தக்க துணைப்பொருளும் வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது எனலாம்.

சாறு ஏன் கெடுகிறது?

நொதியம் என்பது கலத்தினுள் நிகழும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் ஊக்கியாகும். ஒரு சிலவற்றைத் தவிர நொதியங்கள் அனைத்தும் புரதங்களே. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி ஒரு குறித்த வடிவில் மடிந்திருக்கும்போதே நொதியம் தொழிற்படும். மடிப்புக் குலைந்தால் அமினோ அமிலங்கள் அனைத்தும் அப்படியே இருந்தாலும் வேலை நின்றுவிடும். முட்டையின் வெள்ளைக்கரு சூடேறியதும் இறுகி வெண்மையாவது இத்தகைய குலைவே. வெந்த முட்டை ஆறினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வெப்பத்தைவிட நெருக்கமான பகை ஒன்றும் மதுவத்தினுள்ளேயே உண்டு. பழுதான புரதங்களை அரித்து அழிக்கும் நொதியங்களை மதுவக் கலம் தனது புன்வெற்றிடம் எனும் பையினுள் பூட்டி வைத்திருக்கிறது. கலத்தை அரைத்து உடைக்கும்போது அந்தப் பையும் உடைகிறது. அழிக்கும் நொதியங்கள் சாறெங்கும் பரவி, நாம் தேடும் நொதியத்தையே தின்னத் தொடங்குகின்றன. வீட்டைக் காப்பவனையும் களவெடுப்பவனையும் ஒரே அறையில் அடைத்துவிட்ட நிலை இது.

இங்கேதான் குளிரின் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலான இரசாயனத் தாக்கங்களின் வேகம் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறையும்போது ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். 30 பாகையில் நிகழ்வது 20 பாகையில் அரைப் பங்காகவும், 10 பாகையில் காற்பங்காகவும், 0 பாகையில் எட்டிலொரு பங்காகவும் ஆகும். அரிக்கும் நொதியம் ஒரு மணித்தியாலத்தில் செய்யும் சேதத்தைப் பனிக்கட்டியின் மீது வைத்தால் எட்டு மணித்தியாலத்திலேயே செய்யும். ஆய்வாளருக்கு அந்த இடைவெளியே போதுமானது. ஆனால் குளிர் அழிவை மெதுவாக்குகிறதேயன்றி முற்றாக நிறுத்துவதில்லை என்பதை மறந்துவிடலாகாது.

பிரித்தெடுக்கும் படிகள்

இன்றைய ஆய்வுகூடத்தில் பின்பற்றப்படும் முறையும் புக்னரின் முறையிலிருந்து அடிப்படையில் அதிகம் வேறுபடவில்லை. அமிலத்தன்மை மாறாது காக்கும் தாங்கற் கரைசலில் மதுவம் கலக்கப்படுகிறது. மணலுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகளுடன் குலுக்கியோ, உயர் அழுத்தத்தில் சிறு துளையினூடாகச் செலுத்தியோ கலச்சுவர் உடைக்கப்படுகிறது. உடைக்கும்போது உண்டாகும் வெப்பத்தைத் தணிக்க இடையிடையே நிறுத்திப் பனிக்கட்டியில் வைப்பர். அரிக்கும் நொதியங்களை முடக்கும் இரசாயனப் பொருட்களும் சேர்க்கப்படும். பின்னர் 4 பாகை வரை குளிரூட்டப்பட்ட மையநீக்கியில் சுழற்ற, உடைந்த சுவர்த் துண்டுகள் அடியில் தங்கத் தெளிந்த சாறு மேலே நிற்கும்.

அச்சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும். அவற்றுள் ஒன்றைப் பிரிப்பதற்கு அமோனியம் சல்பேற்று எனும் உப்பை நன்கு குளிர்ந்த சாற்றில் சிறிது சிறிதாகக் கரைப்பது பழைய முறை. உப்பு நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, ஒவ்வொரு புரதமும் தனக்குரிய உப்புச் செறிவில் கரைசலிலிருந்து விலகிப் படியும். இவ்வாறு படிந்தவை பெரும்பாலும் வடிவம் குலையாமல் இருப்பதோடு, உப்பு நீக்கப்பட்டதும் மீண்டும் கரைந்து தொழிற்படும். கரைக்கும்போது நுரை எழும்பாமல் கலக்க வேண்டும். நுரையின் மேற்பரப்பில் இழுபட்டாலும் புரதத்தின் மடிப்புக் குலையக்கூடும்.

அசற்றோன், எதனோல் போன்ற திரவங்களைச் சேர்த்துப் படியவைப்பது மற்றொரு முறை. அறை வெப்பநிலையில் இத்திரவங்கள் புரதத்தைக் குலைத்துவிடும். அத்துடன் எதனோல் நீருடன் கலக்கும்போது வெப்பமும் வெளிவருகிறது. எனவே பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையில், பனிக்கட்டியும் உப்பும் கலந்த தொட்டியினுள் பாத்திரத்தை வைத்துத் துளித்துளியாகவே சேர்ப்பர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் இதே குளிர் எதனோல் முறையைக் கொண்டு மனிதக் குருதி நீர்ப்பாயத்திலிருந்து அல்புமினைப் பிரித்தெடுத்தார். காயமுற்றோரின் உயிர் காக்க அது பயன்பட்டது. அம்முறையின் வழிவந்த முறைகள் இன்றும் உலகெங்கும் அல்புமின் உற்பத்தியில் கையாளப்படுகின்றன.

நொதியம் ஒரு புரதம் என்பதை நிலைநாட்டியதிலும் குளிருக்குப் பங்குண்டு. அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு விதையிலிருந்து யூரியேசு நொதியத்தைப் பளிங்காகப் பெற்றார். சிறுவயதில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர் அவர். ஆய்வின் ஆரம்ப காலத்தில் அவரது ஆய்வுகூடத்தில் குளிர்ப்பெட்டி இருக்கவில்லை. விதைச் சாறு நிரம்பிய கண்ணாடிக் குழாய்களை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, இரவு குளிராக அமைய வேண்டுமெனப் பிரார்த்தித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மதுவச் சாற்றின் கதையும் வளர்ந்துகொண்டே சென்றது. சைமேசு என்ற ஒரே நொதியம் எனப் புக்னர் கருதியது, உண்மையில் ஏறத்தாழ பன்னிரண்டு நொதியங்கள் வரிசையாகக் கைமாற்றிச் செய்யும் வேலை எனத் தெரியவந்தது. பிரித்தானியாவின் ஆதர் ஹாடனும் வில்லியம் யங்கும் அச்சாற்றை நுண்வடிகட்டியில் செலுத்தி இரண்டாகப் பிரித்தபோது, இரு பகுதிகளும் தனித்தனியே செயலற்றிருந்தன; சேர்த்ததும் மீண்டும் தொழிற்பட்டன. நொதியத்துக்குத் துணையாகச் சிறு மூலக்கூறு ஒன்றும் தேவை என்பது இதனால் புலப்பட்டது. எனவே பிரித்தெடுப்பவர் நொதியத்தைக் காப்பதோடு அதன் துணையையும் தவறவிடாமல் இருக்க வேண்டும்.

குளிரின் மறுபக்கம்

குளிர் நன்மை செய்யுமாயின், இன்னும் குளிர்வித்து உறையவைத்தால் இன்னும் நன்மையாகும் அல்லவா என எவரும் எண்ணக்கூடும். இது தவறான எண்ணமாகும். கரைசல் உறையும்போது தூய நீரே முதலில் பனிக்கட்டியாகிறது. உப்புகளும் அமிலங்களும் புரதங்களும் எஞ்சிய சிறிதளவு திரவத்தினுள் நெருக்கப்படுகின்றன. சோடியம் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் ஒருவகை உப்பு முந்திப் பளிங்காகிவிடுவதால், நடுநிலையில் இருந்த கரைசல் கடும் அமிலத்தன்மைக்கு மாறிவிடும். பனிக்கட்டிப் பளிங்குகளின் மேற்பரப்பும் புரதத்தின் மடிப்பைக் குலைக்கும். உறைவதும் உருகுவதும் மாறிமாறி நிகழ்ந்தால் சேதம் பன்மடங்காகும்.

உறையாத குளிரையே தாங்காத நொதியங்களும் உள்ளன. நியூயோர்க்கில் எஃப்ரெயிம் றக்கரும் அவரது சகாக்களும், கலத்தின் சக்திநிலையங்களான இழைமணிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நொதியம், அறை வெப்பநிலையில் நிலைத்திருந்து பனிக்கட்டியின் மீது வைத்ததும் ஆற்றலை இழந்ததை 1960இல் வெளியிட்டனர். மதுவத்தின் இழைமணிகளிலுள்ள இதே வகை நொதியமும் அவ்வாறே நடந்துகொள்கிறது. புரதத்தின் நீர்விலக்கும் பகுதிகள், நீரில் எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்வது போல, உள்ளே ஒதுங்கி ஒட்டிக்கொள்வதாலேயே பல நொதியங்களின் வடிவம் நிலைக்கிறது. குளிரில் இப்பிணைப்புத் தளர்வதால் பல துண்டுகள் சேர்ந்தமைந்த நொதியம் பிரிந்துவிடுகிறது. ஆகவே எந்த நொதியத்துக்கு எந்த வெப்பநிலை என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

இச்சிக்கலுக்கு மதுவமே ஒரு வழியையும் காட்டுகிறது. வரட்சியும் குளிரும் நேரும்போது அது திரெகலோசு எனும் வெல்லத்தைத் தனது கலத்தினுள் பெருமளவில் சேர்த்துக்கொள்கிறது. நீர் அகலும்போது அவ்வெல்லம் புரதங்களைச் சூழ்ந்து, கண்ணாடி போல் இறுகி, அவற்றின் வடிவத்தைக் காக்கிறது. கடையில் வாங்கும் உலர் ஈஸ்ட் மாதக்கணக்கில் பைக்கற்றினுள் கிடந்தும் வெந்நீர் பட்டதும் எழுவதற்கு இதுவும் காரணமாகும். ஆய்வுகூடங்களும் இதனையே பின்பற்றுகின்றன. அரைவாசி கிளிசரோல் கலந்த நொதியக் கரைசல் மறை 20 பாகையிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். வெல்லம் சேர்த்து உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கி உலர்த்துவது மற்றொரு வழி. சின்னமுத்துத் தடுப்பு மருந்து தூளாக வருவது இம்முறையினாலேயே.

எமது வீடுகளுக்கு வந்த மதுவம்

இந்த அறிவின் பயன்கள் பல. மதுவத்திலிருந்து எடுக்கப்படும் இன்வேற்றேசு இனிப்புப் பண்டத் தொழிலில் பயன்படுகிறது. லக்ரேசு நொதியம் பால் ஒவ்வாதோருக்கான பாலைத் தயாரிக்க உதவுகிறது. பாற்கட்டிக்கு முன்னர் கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்பட்ட கைமோசின் இன்று மரபணு மாற்றிய மதுவத்திலும் உற்பத்தியாகிறது.

இன்சுலினும் இவ்வாறே மாறியது. 1980களின் தொடக்கம் வரை இன்சுலின் பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்தே பெறப்பட்டது. சமய நம்பிக்கையுடைய முஸ்லிம் மக்களுக்கும் இந்து மக்களுக்கும் இது மனச்சங்கடம் தந்த விடயமாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1982இல் பக்ரீரியாவிலும், 1980களின் பிற்பகுதியில் மதுவத்திலும் மனித இன்சுலின் உற்பத்தியானதும் அச்சங்கடம் பெருமளவு நீங்கியது. 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மதுவத்தில் உருவான ஈரலழற்சி 'பி' தடுப்பு மருந்தே மரபணுப் பொறியியலால் மனிதருக்கென ஆக்கப்பட்ட முதல் தடுப்பு மருந்தாகும். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஈரலழற்சி 'பி' மருந்து 2003இல் சேர்க்கப்பட்டது. 2008 முதல் அது ஐந்து நோய்களுக்கெதிரான ஒரே ஊசியின் பகுதியாக வழங்கப்படுகிறது.

இன்சுலினும் இத்தடுப்பு மருந்தும் நொதியங்கள் அல்ல. ஆயினும் அவையும் மடிந்த புரதங்களே. மதுவக் கலத்திலிருந்து நொதியங்களைப் பிரித்தெடுக்கையில் கற்ற பாடங்களே அவற்றுக்கும் பொருந்துகின்றன. இரண்டையும் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும். இரண்டையும் உறையவிடக் கூடாது. ஈரலழற்சி 'பி' மருந்திலுள்ள அலுமினிய உப்பு உறைந்ததும் திரண்டுவிடுவதால் மருந்தின் வீரியம் கெட்டுவிடும். சந்தேகம் எழும்போது சுகாதாரத் துறையினர் வேண்டுமென்றே உறையவைத்த ஒரு குப்பியுடன் சந்தேகத்துக்குரிய குப்பியையும் குலுக்கி வைத்து, எது விரைவில் அடியில் படிகிறது என ஒப்பிடுவர். உருகிய பின் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும் என்பதாலேயே இச்சோதனை தேவைப்படுகிறது.

இதிலிருந்து வீட்டாருக்குப் பெறப்படுவன தெளிவானவை. இன்சுலின் குப்பியை உறைபெட்டியிலோ அதற்கு மிக நெருக்கமாகவோ வைக்கலாகாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்தால் அடிக்கடி திறக்கும்போது வெப்பம் ஏறி இறங்கும் என்பதால், நடுத்தட்டே ஏற்றது. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பின்னரும் பயன்படுத்தலாகாது. திறந்து பாவனையிலுள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் கடும் வெப்பம் படாத அறையில் ஏறத்தாழ நான்கு கிழமைகள் வரை பழுதாவதில்லை. சரியான கால அளவும் வெப்பநிலையும் மருந்துடன் வரும் தாளில் குறிக்கப்பட்டிருக்கும். பயணத்தின்போது பனிக்கட்டிப் பொதியுடன் குப்பி நேரே ஒட்டிக்கொண்டிருக்காமல் துணி சுற்றி வைக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத வேளையில் என்ன செய்வது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை நாம் மறக்கவில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலின்றிப் பல ஆண்டுகள் இருந்ததையும் மறக்க முடியாது. மூடிய குளிர்சாதனப் பெட்டி சில மணித்தியாலம் குளிரைக் காக்கும். திறந்து திறந்து பார்ப்பதே அதனை விரைவில் இழக்கச் செய்யும். பெட்டியே இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானையினுள் சிறு பானையை வைத்து அதனுள் மருந்தை நீர்புகாத உறையில் பேணலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உட்பானை குளிர்ந்திருக்கும். வரண்ட காற்றுள்ள இடங்களில் இது நன்கு பயன்தரும். கரையோரப் பகுதிகளின் ஈரலிப்பான காற்றில் பயன் குறைவு என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

தனிநபர் முயற்சிகள் எவ்வளவு சிறந்தவையாயினும், கிராமப்புற வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் மின்தடையின்போதும் நெடுநேரம் குளிர் பேணும் பெட்டிகளும், வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவிகளும் பழுதின்றி இருப்பதை உறுதிசெய்வது அதிகாரிகளின் கடமையாகும். இன்சுலினை வழங்கும்போதே அதனை வைத்திருக்கும் முறையை நோயாளருக்கு அவரது மொழியில் விளக்கிக் கூறுவதற்குச் சில நிமிடங்களே செல்லும். வெளிநாட்டுச் செலாவணி கொடுத்துத் தருவிக்கும் மருந்து, நோயாளரின் வீட்டு உறைபெட்டியில் ஒரே இரவில் வீணாகிப் போவதையும், அது வீணானதென அறியாமலே அவர் அதனைத் தொடர்ந்து ஏற்றிக்கொள்வதையும் அந்தச் சில நிமிடங்கள் தடுத்துவிடும்.